சலோமேயா அம்மாள் எழுதிக் கொடுத்த ஒரே பெயர்

எங்கள் க்ராகோ பக்கத்தில் ஒரு கனவான் செத்தால் உடனே அடக்கம் செய்துவிட மாட்டார்கள். பெட்டியைக் கோயிலில் வைத்துவிட்டு, உறவுக்கெல்லாம் ஆள் அனுப்பி, பீர் வடித்து, பன்றி அடித்து, நாலைந்து வாரம் கழித்துத்தான் குழி வெட்டுவார்கள். அந்த இடைவெளியில்தான் என்னைத் தேடி வருவார்கள். என் பெயர் பெனிக்னுஸ். பெர்னார்தீன் என்கிற கத்தோலிக்க மடத்துச் சந்நியாசி. மூன்று மாவட்டத்துச் சாவுகளுக்கும் நான்தான் பிரசங்கி. உயிரோடு இருக்கிறவர்களில் என்னைத் தேடுகிறவர்கள் குறைவு.

சாவுப் பிரசங்கத்துக்கு மூன்று பாகம் உண்டு. முதலில் குலச் சின்னம். கேடயத்தில் கழுகு இருந்தால் கழுகு, மீன் இருந்தால் மீன், அதை வைத்து ஒரு மணி நேரம் பேசுவேன். இரண்டாவது, செத்தவரின் புண்ணியங்கள். இல்லாதவருக்கும் உண்டாக்கிக் கொடுப்பேன். மூன்றாவதுதான் எல்லோரும் காத்திருப்பது: விடைபெறுதல். செத்தவரே பேசுவது போல நான் அவர் குரலில் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி விடைபெறுவேன். பெயர் சொல்லப்பட்டவர் பெஞ்சை விட்டு எழுந்து நிற்க வேண்டும். அவர் எழுந்த பிறகுதான் அடுத்த பெயர். அந்த வரிசைக்காகக் குடும்பங்களில் நடக்கும் சண்டை கொஞ்சநஞ்சமல்ல. ஒரு வீட்டில் மூத்த மருமகளுக்கு முன்னால் இளையவளைச் சொல்லிவிட்டேன் என்று மூன்று வருஷம் எங்கள் மடத்துக்கு மீன் வராமல் போயிற்று.

இப்படி முப்பது வருஷத்தில் எத்தனை பேரை 'கண்ணே' என்றும் 'என் உயிரே' என்றும் கூப்பிட்டிருப்பேன். எதுவும் என் சொல் அல்ல. எங்கள் மடத்தில் ஒருவன் செத்தால் விடைபெறுதல் கிடையாது. யாரிடம் விடைபெறுவது? பிரசங்கியான என்னைத் தவிர மற்றவர்களை மூன்று வருஷத்துக்கு ஒருமுறை ஊர் மாற்றிவிடுவார்கள். பக்கத்து அறைக்காரனின் குறட்டை பழகுவதற்குள் அவன் வேறு மடத்தில் இருப்பான். இதை நான் புகாராகச் சொல்லவில்லை. தெரிந்துதான் இடுப்பில் சந்நியாசக் கயிற்றைக் கட்டினேன். ஆனாலும் சாயங்கால ஜெபம் முடிந்து அறைக் கதவைச் சாத்தும்போது, இன்று முழுக்க என்னிடம் யாரும் என்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பது உறைக்கும்.

அந்த வருஷம் கிறிஸ்து பிறப்புக்கு மூன்று வாரம் இருக்கும்போது லிபோவ்காவிலிருந்து வண்டி வந்தது. சலோமேயா கர்வோட்ஸ்கா அம்மாள் கூப்பிடுகிறார் என்றான் வண்டிக்காரன்.

"யார் போயிட்டாங்க?" என்று கேட்டேன்.

"யாரும் போகலீங்க சாமி. இனிமேத்தான்" என்றான்.

லிபோவ்கா வீடு மரவீடு. கூரையில் பாதி பாசி. உள்ளே புளித்த மாவின் வாடை. அம்மாள் அடுப்போரம் நாற்காலியில் இருந்தார். அறுபத்தாறு வயது இருக்கும். மூச்சு விடும்போது நெஞ்சுக்குள் யாரோ விறகு அடுக்குவது போலச் சத்தம் கேட்டது.

"உக்காருங்க சாமி. சாகறதுக்கு முந்தியே கூப்ட்டாளேன்னு பாக்கறீங்களா?"

"வழக்கமா சொந்தக்காரங்கதான் வருவாங்கம்மா."

"எனக்கு அப்படி யாரும் இல்ல. அதான் எனக்கு நானே சொந்தக்காரியா வந்து நிக்கறேன். ரெகினா, அந்தப் படத்தக் கொண்டாடி."

வேலைக்காரி ரெகினா மாவுச்சாக்கில் சுற்றியிருந்த தகரத்தைக் கொண்டுவந்தாள். ஆறு பக்கமாக வெட்டிய தகரத்தில் அம்மாளின் முகம். பெட்டியின் தலைமாட்டில் ஆணியடித்து வைக்கிற படம். பிரசங்கம் முடிகிற வரை அது கோயிலையே பார்த்துக்கொண்டிருக்கும்.

"மூக்கு மட்டும் என்னோடது. மத்ததெல்லாம் எவளோடதோ" என்றார் அம்மாள். "போகுது, கடைசி நாள்ல கொஞ்சம் அழகா இருந்துட்டுப் போறேன். இப்ப உங்க வேலைக்கு வாங்க. நீங்க எழுதறத நான் உசுரோட இருக்கையிலேயே எனக்குப் படிச்சுக் காட்டணும். செத்தப்பறம் நீங்க என்ன சொன்னீங்கன்னு நான் யாரைப் போய்க் கேக்கறது?"

குலச் சின்னம் கேட்டேன். குதிரை லாடம், நடுவில் சிலுவை. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். லாடத்துக்கு ஏழு ஆணி, திருச்சபைக்கு ஏழு அருட்சாதனங்கள். பிரசங்கம் அப்போதே பாதி தயார். புருஷன் பெயர், அவர் வகித்த பதவி, கோயிலுக்குக் கொடுத்த மெழுகு எல்லாம் குறித்துக்கொண்டேன். கடைசியில் விடைபெறுதல் பட்டியலைக் கேட்டேன். மடித்த சின்னத் தாள் ஒன்றைக் கொடுத்தார். அவரே கைப்பட எழுதியது. ஒரே வரி. 'என் மகன் தோபியாஷுக்கு.'

"மகன் எங்க இருக்கார்மா?"

"எல்லைக்கு அந்தப் பக்கம், சிலேசியாவுல. உசுரோட இருந்தா."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இந்த வீடு ஒரு காலத்தில் சகோதரர் சபை வீடு. கடவுள் மூவர் இல்லை, ஒருவர்தான் என்று சொன்னவர்கள். வளர்ந்த பிறகுதான் ஞானஸ்நானம் என்று பெரிய ஆட்களை ஆற்றில் முக்கினவர்கள். அவர்களுடைய பாட்டன்மார்கள், யாரையும் கொல்லக்கூடாதென்று இடுப்பில் மரக்கத்தி தொங்கவிட்டுக்கொண்டு திரிந்தார்களாம். நாட்டுச் சபை அவர்களுக்கு இரண்டு வருஷம் தவணை கொடுத்தது. மதம் மாறு, இல்லையென்றால் சொத்தை விற்றுவிட்டு நாட்டை விட்டுப் போ. தவணைக்குப் பிறகு எவன் தட்டுப்பட்டாலும் தலை போகும். அவர்களுக்கு இடம் கொடுப்பதும் குற்றம், கடிதம் எழுதுவதும் குற்றம். அது நடந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. சட்டம் அப்படியேதான் இருக்கிறது.

"அம்மா, இது ஆகாத காரியம். மேடையில நின்னு அந்தப் பேரைச் சொல்ல முடியாது."

"ஆகாதுன்னு தெரியும். அதனாலதான் உங்களைக் கூப்ட்டேன். இந்த மாவட்டத்துல வேற சாமியாரே இல்லையா? உங்களை எதுக்குக் கூப்ட்டேன்னு நினைச்சீங்க, குரல் நல்லா இருக்குன்னா?"

உண்மையில் நான் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அம்மாள் கண்ணை மூடிக்கொண்டு மெதுவாகச் சொன்னார். "'தாயே, அவன் உன் வயிற்றில் பிறந்தவன்தான். ஆனால் அவன் கையில் நீ கொடுக்கும் ரொட்டி, கிறிஸ்துவின் விலாவில் நீ குத்தும் ஈட்டி.'"

அது என் பிரசங்கம். தவணை முடிவதற்கு முந்தின ஞாயிறு, முப்பத்தொரு வயதில், இதே ஊர்க் கோயிலில் நான் செய்தது. எனக்குப் பேர் வாங்கிக் கொடுத்ததே அதுதான். எந்தச் சொல்லுக்குப் பிறகு நான் மூச்சு வாங்குவேனோ அங்கேயே அம்மாளும் மூச்சு வாங்கினார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: முதலில் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. இருபத்திரண்டு வருஷம் கழித்தும் ஒரு எழுத்துப் பிசகாமல் ஞாபகம் வைத்திருக்கிறாளே என்று.

"நான் அதுக்கு முந்தியே மாறிட்டேன் சாமி. நிலத்த விட மனசில்ல. அவன் மாறல. புருஷன் போருல போயிட்டாரு, நானும் அவனுந்தான். மறுநாள் திங்கக்கெழம வண்டி கட்டிட்டான். ஊரே வேலியோரம் நின்னு பாக்குது. வாசலுக்கு வந்து, 'அம்மா, வழிக்கு ஒரு ரொட்டி குடு'ன்னான். பசியில கேக்கல. வண்டியில மூட்டை மூட்டையா இருந்துச்சு. என் கையால ஒண்ணு வேணும்னு கேட்டான். அன்னிக்குத்தான் சுட்டு எடுத்திருந்தேன், வாசனை தெருவரைக்கும் அடிக்குது. நான் கதவைச் சாத்திட்டேன்."

ரெகினா அடுப்பைக் கிளறுவது போல முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"உங்க வாயாலதான் அவன் போனான் சாமி. அதே வாயால ஒரு தடவ அவன் பேரைச் சொல்லுங்க. அவன் கேக்கப் போறதில்ல. ஊரு கேக்கட்டும். எனக்கு மகன் இருந்தான்னு ஊரு கேக்கட்டும்."

"சொல்றேன்" என்றேன். எப்படி வாயில் வந்ததென்று தெரியவில்லை.

அந்தக் குளிர்காலம் முழுக்க வாரத்துக்கு ஒருநாள் லிபோவ்காவுக்குப் போனேன். வண்டி வராவிட்டால் பனியில் நடந்தே போனேன். ஒரு பக்கம் எழுதிக்கொண்டுபோய்ப் படிப்பேன். அம்மாள் கேட்டுவிட்டுக் குறை சொல்வார். ஆன்மாவைக் குதிரையாகவும் விசுவாசத்தை லாடமாகவும் வைத்து நான் உருகி உருகி எழுதிய இடத்தில் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"எங்க வீட்டுல குதிரையே இல்ல சாமி, பன்னெண்டு வருஷமாச்சு. மாடுதான் இருக்கு. மாட்டுக்கு லாடம் அடிச்சா திருச்சபை ஒத்துக்குமா?"

"அம்மா, இது உருவகம்."

"இருக்கட்டும், இருக்கட்டும். என்னை ரொம்பப் புண்ணியவதியாக்காதீங்க. அப்பறம் மேல போனா ஆளு அடையாளம் தெரியாம வெளிய நிறுத்திடுவாங்க."

படித்து முடித்ததும் காளான் போட்ட புளிமாவுக் கஞ்சி வரும். குடிக்கும்போது அம்மாள் என்னைப் பற்றிக் கேட்பார். எந்த ஊர், தாய் எப்போது செத்தாள், காலில் ஏன் வீக்கம், கம்பளிக் காலுறை இல்லையா என்று. இதையெல்லாம் என்னிடம் யாரும் கேட்டதில்லை. எனக்கு ஐம்பத்து மூன்று வயது. உயிரோடு இருக்கும் ஒருவருக்காக நான் நடந்து போனது அதுதான் முதல் தடவை. மடத்துக்குத் திரும்பும்போது, அடுத்த வாரத்துக்கு இன்னும் எத்தனை நாள் என்று கணக்குப் பார்த்துக்கொண்டே வருவேன்.

விடைபெறுதலை அம்மாளே சொல்லச் சொல்ல எழுதினேன். 'என் மகன் தோபியாஷ், நீ எங்கே இருக்கிறாயோ அங்கேயே எழுந்து நில். கதவைச் சாத்தியவள் நான்தான். அதைத் திறந்துவிட்டுப் போகிறேன். போய் வருகிறேன், கண்ணே.' இதில் ஒரு சொல்லை மாற்ற விடவில்லை. போகும்போதெல்லாம் இரண்டு தடவை படிக்கச் சொல்வார்.

ஒருநாள் கேட்டார். "மேடையில நிக்கறப்ப பயம் வந்துட்டா என்ன பண்ணுவீங்க?"

"மேடையில எனக்குப் பயம் வந்ததே இல்லம்மா" என்றேன். அன்று வரைக்கும் அது உண்மைதான்.

தவக்காலம் தொடங்கின வாரம் நான் வேறொரு ஊரில் பிரசங்கத்துக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது அம்மாள் பெட்டிக்குள் இருந்தார். தகரப் படத்தை ஆணியடித்துவிட்டார்கள். எத்தனையோ பெட்டி பார்த்தவன் நான். அன்று பெட்டிக்குப் பக்கத்தில் நின்று அழுதேன். அழுகை வருவதற்கு எனக்கு ஒரு ஆள் இருந்தாள் என்பதே செத்த பிறகுதான் தெரிந்தது.

அடக்கம் உயிர்ப்புப் பெருநாள் முடிந்து என்று முடிவாயிற்று. செய்கிறவர் அண்டை நிலக்காரர் செவெரின் பிலாவ்ஸ்கி. தவணைக் காலத்தில் தோபியாஷின் பங்கு நிலத்தை ஒன்றுக்குப் பாதியாய் வாங்கிப் போட்டவர் அவர். அடக்கத்துக்கு மூன்று நாள் முன்னால் மடத்துக்கு வந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான்.

"எனக்குத் தாய் போன மாதிரி சாமி. அடக்கச் செலவு பூரா என்னுது. பிரசங்கத்த க்ராகோவுல அச்சடிக்கறதும் என் பொறுப்பு. ஒரே ஒரு விஷயம். அம்மா ஏதோ பேரு எழுதிக் குடுத்திருக்காங்கன்னு காதுல விழுந்துச்சு."

"விடைபெறுதல் பட்டியல். எல்லாரும் குடுக்கறதுதான்."

"அந்தப் பேரு வேணாம்."

"அவங்க மகன்."

"மகன்தான். சட்டத்துல இல்ல. சாமி, நீங்க படிச்சவங்க, யோசிங்க. மேடையில சொன்னது அச்சுல ஏறிடுச்சுன்னா பத்திரம் மாதிரி ஆயிடும். நாளைக்கு அங்கேருந்து அவன் புள்ள எவனாச்சும் மதம் மாறி, அந்தப் புஸ்தகத்தத் தூக்கிட்டு நீதிமன்றத்துக்கு வருவான். 'எங்க அப்பன பாட்டி மகன்னு சொல்லியிருக்கா, நிலத்தக் குடு'ம்பான். நான் நீதிமன்றக் குமாஸ்தாவ பக்கத்துல உக்கார வச்சுக்கறேன், நீங்க சொல்றத எழுதிக்கட்டும். மடத்துல மதத் துரோகிக்கு வக்காலத்து வாங்கறாங்கன்னு பேரு வந்தா உங்களுக்குத்தான் கஷ்டம். கூரைக்கு வேற மரம் கேட்டிருக்கீங்க."

மடத்துத் தலைவர் மார்செலியன் என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். கெட்டவர் அல்ல. கூரை ஒழுகுகிறது, அதுதான் அவர் கவலை. பிலாவ்ஸ்கி போனதும் என்னைக் கூப்பிட்டார்.

"'என் உறவினர் அனைவருக்கும்'னு சொல்லிட்டுப் போங்க சாமி. அனைவருக்கும்னா அவனும் அதுல அடக்கம்தானே? ஆண்டவருக்குப் புரியாதா?"

"அவங்களுக்கு வாக்குக் குடுத்துட்டேன்."

"மடத்துக்கும் குடுத்திருக்கீங்களே, கீழ்ப்படியறேன்னு. அந்தத் தாள் எங்க?"

கொடுத்தேன். படித்துவிட்டு அடுப்பில் போட்டார். "இது உங்க கையில இருந்தா உங்களுக்கே ஆபத்து" என்றார். நான் கை நீட்டித் தடுக்கவில்லை. எல்லாம் மனப்பாடம்தானே, மேடையேறிச் சொல்லிவிட்டால் இவர்கள் என்ன செய்ய முடியும் என்று எண்ணிக்கொண்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், சொல்லத்தான் இருந்தேன்.

அடக்கத்தன்று கோயில் நிரம்பியிருந்தது. அம்மாளுக்காக வந்தவர்களை விரல் விட்டு எண்ணலாம். மற்றவர்கள் பந்திக்கு வந்தவர்கள். முதல் பெஞ்சில் பிலாவ்ஸ்கி, பக்கத்தில் குமாஸ்தா, அவன் மடியில் பலகையும் தாளும். எதிரே தகரத்தில் அம்மாள், மூக்கு மட்டும் அவருடையது.

லாடத்தை எடுத்து விளாசினேன். ஏழு ஆணியையும் ஒவ்வொன்றாக அடித்தேன். மூன்றாவது ஆணியில் பெண்கள் அழ ஆரம்பித்தார்கள். பிறகு விடைபெறுதலுக்கு வந்தேன். குரலைத் தாழ்த்தி, அம்மாளைப் போலவே மூச்சு விட்டு விட்டுப் பேசினேன். பட்டியலில் இல்லாவிட்டாலும் வழக்கப்படி அண்டை வீட்டாருக்கு விடை சொன்னேன். பிலாவ்ஸ்கி எழுந்து குனிந்து வணங்கினார். ரெகினாவுக்குச் சொன்னேன். அவள் எழுந்து நின்று தலைத்துணியின் நுனியால் வாயை மூடிக்கொண்டாள். அடுத்தது பிள்ளைகளின் இடம். வழக்கம் தெரிந்த எல்லோருக்கும் அது தெரியும்.

"என்" என்றேன்.

குமாஸ்தா இறகை மையில் தொட்டுவிட்டு என்னைப் பார்த்தான். அவன் கண்ணில் பகையும் இல்லை ஒன்றும் இல்லை. சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன் என்கிற பார்வை, அவ்வளவுதான். அந்த இறகின் நுனியையே பார்த்தேன். விசாரணை, பூட்டிய அறை, இனி மேடை கிடையாது, இந்தக் குரல் கிடையாது என்று எல்லாம் ஒன்றாக ஓடியது. மேடை போய்விட்டால் எனக்கென்று வேறு ஒன்றும் இல்லை.

"என் உறவினர் அனைவருக்கும்" என்றேன். "போய் வருகிறேன்."

யாரும் எழுந்திருக்கவில்லை. 'அனைவரும்' என்று யாருக்கும் பெயர் இல்லையே. கோயிலின் பின்கோடியில், தீர்த்தத் தொட்டிக்குப் பக்கத்தில், சாம்பல் நிற மேலங்கி போட்ட ஒரு ஆள் மட்டும் தனக்கு முன்னாலிருந்த பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு பாதி எழுந்த நிலையில் இருந்தான். நரைத்த தாடி. என்னையே பார்த்தான். பிறகு மெல்ல உட்கார்ந்துவிட்டான். முட்டிவலிக்காரன் போலிருக்கிறது என்று எண்ணி ஆமென் சொல்லி இறங்கினேன்.

பந்தியில் பிலாவ்ஸ்கி எனக்குத் தானே பீர் ஊற்றினார். "லாடத்துல பின்னிட்டீங்க சாமி" என்றார். நான் குடிக்காமல் பிடித்துக்கொண்டிருந்தேன். ரெகினா வந்து என் கைப்பக்கம் தட்டை வைத்தாள். வைத்துவிட்டுப் போகவில்லை.

"அவரு வந்திருந்தாரு சாமி" என்றாள்.

"யாரு?"

"தோபியாஷ் ஐயா. நான்தான் துணி வியாபாரிகிட்டச் சொல்லி அனுப்பினேன். அம்மாவுக்குத் தெரியாது, தெரிஞ்சா வரவேணாம்னு சொல்லியிருப்பாங்க. இன்னிக்குக் காலையில தொழுவத்துல வந்து நின்னாரு. 'பேரு சொல்லுவாங்களா?'ன்னு கேட்டாரு. 'சாமி வாக்குக் குடுத்திருக்காரு'ன்னேன். 'அப்ப எழுந்து நிப்பேன், அப்பறம் என்னைக் கட்டிக்கிட்டுப் போனாலும் போகட்டும்'னாரு."

"இப்ப எங்க?"

"ஆத்துத் துறைக்குப் போயிட்டாரு."

எழுந்து ஓடினேன். ஈரச் சேற்றில் செருப்பு மாட்டிக்கொண்டது, விட்டுவிட்டு ஓடினேன். துறைக்கு முன்னால் மேட்டில் அவன் குதிரையின் வயிற்றுவாரை இறுக்கிக்கொண்டிருந்தான். நாற்பத்து மூன்று வயதுதான் இருக்க வேண்டும். அறுபது போல இருந்தான். என்னைப் பார்த்ததும் ஒதுங்கவில்லை.

"தோபியாஷ்."

"சொல்லுங்க ஐயா" என்றான். சகோதரர் சபைக்காரர்கள் எங்களைச் சாமி என்று சொல்வதில்லை.

"தப்பு என்னுது. குமாஸ்தா உக்காந்திருந்தான். பயந்துட்டேன்."

"நீங்க சொல்லாததாலதான் நான் இப்ப உசுரோட திரும்பிப் போறேன். அதுக்கு நன்றி சொல்லணுமான்னு தெரியல." வாரை இன்னொரு துளை இறுக்கினான். "ஒண்ணு மட்டும் கேக்கறேன். எங்கம்மா என் பேரைக் குடுத்தாங்களா?"

"குடுத்தாங்க. பட்டியல்ல ஒரே பேரு. உன் பேரு மட்டுந்தான்."

"அந்தத் தாளைக் காட்டுங்க."

நான் வெறுங்கையை விரித்துக் காட்டினேன்.

"இல்லையா?"

"எரிச்சுட்டாங்க."

அவன் தலையை ஆட்டிக்கொண்டான். கோபம் இல்லை. சந்தையில் விலை கேட்டுவிட்டு, ஒத்துவராது என்று தெரிந்த ஆள் தலையாட்டுவது போல ஆட்டினான்.

"ரெகினா நல்லவ. என் மனசு நோகக் கூடாதுன்னு எதையும் சொல்லுவா. நீங்களும் இப்ப வேற என்ன சொல்லுவீங்க?"

"நான் சொல்றேன் கேளு. அவங்க சொன்னத அப்படியே சொல்றேன்." மூச்சு வாங்கிக்கொண்டு ஆரம்பித்தேன். "'என் மகன் தோபியாஷ், நீ எங்கே இருக்கிறாயோ அங்கேயே எழுந்து நில். கதவைச் சாத்தியவள் நான்தான்...'"

என்னையறியாமல் அது மேடைக் குரலில் வந்தது. தாழ்த்த வேண்டிய இடத்தில் தாழ்ந்து, நடுங்க வேண்டிய இடத்தில் நடுங்கி வந்தது. முப்பது வருஷப் பழக்கம், எனக்கு வேறு குரல் இல்லை.

"நிறுத்துங்க ஐயா" என்றான். "ரொம்ப நல்லா இருக்கு. இருபத்திரண்டு வருஷத்துக்கு முந்தியும் இப்படித்தான் நல்லா இருந்துச்சு. நானும் அன்னிக்குக் கடைசி பெஞ்சுல இருந்தேன்."

குதிரையில் ஏறினான். ஏறும்போது முட்டியைப் பிடித்துக்கொள்ளவில்லை.

"கதவைச் சாத்தினவங்க சாத்தினவங்கதான். பரவால்ல. அவங்களுக்கு ஜெபம் பண்ணிக்கறேன்" என்று சொல்லிவிட்டுக் குதிரையைத் துறைப்பக்கம் திருப்பினான்.

அவன் சரிவில் இறங்கிப் பாதி தூரம் போனபோது நான் கூப்பிட்டேன். மேடைக் குரலில் அல்ல, தொண்டை கிழியக் கத்தினேன். தோபியாஷ் என்று மூன்று தடவை கத்தினேன். காற்று ஆற்றுப் பக்கமிருந்து என் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை.